சுருள்குழாயும் கொக்கத்தடியும்: தீயோடு பட்ட அனுபவங்கள்

திருநகர் கடைக்காரன்:
2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்த இரவைப் பற்றி இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது ஊரில் தீயணைப்பு வண்டி கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வர வேண்டும். எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்பது நெருப்பு அல்ல. பக்கத்துப் புடைவைக் கடை அண்ணர் பூட்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். சாரத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடியும் தொட்டார். திறப்பு உள்ளே போகவில்லை. "தம்பி, உன்னுடைய திறப்பைத் தா" என்றார். என் கடைத் திறப்பு அவருடைய பூட்டுக்கு எப்படிப் பொருந்தும்? ஆனாலும் கொடுத்தேன். அவரும் போட்டுப் பார்த்தார்.

இப்போது புதிய கடைத்தொகுதி ஒன்றுக்கு வரைபடம் போட்டிருக்கிறோம். கொழும்பில் பத்து மாடிக்கு எழுதியது போன்ற தீப்பாதுகாப்பு விதிப் பட்டியல் ஒன்றைத் தந்தார்கள். சுருள்குழாய், அதாவது சுவரில் சுருட்டி மாட்டும் தீயணைப்புக் குழாய், வேண்டுமாம். கடைகளுக்கு இடையிலுள்ள சுவரைத் தகரக் கூரை வரை எழுப்பலாமா என்று கேட்டேன், ஏனென்றால் நெருப்பு அந்த இடைவெளியால்தான் கடைக்குக் கடை தாவும். பட்டியலில் அது இல்லை என்றார்கள்.

முல்லைத்தீவுக் கரையான்:
சுருள்குழாய் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வேலை செய்த விடுதியில் அது இருந்தது. ஒருநாள் சமையலறையில் எண்ணெய்த் தாச்சி பற்றிக்கொண்டது. சுவரில் ஒட்டிய அறிவித்தலின் முதல் வரி: "பிரதான சுவிட்சை நிறுத்துக." நிறுத்தினேன். ஓடிப்போய்க் குழாயை இழுத்து வால்வைத் திறந்தேன். பம்பும் அதே சுவிட்சில்தான் என்பது அந்தக் கணத்தில்தான் விளங்கியது. குழாய் ஒருமுறை செருமியது. கடற்கரைக் கிணற்றின் உப்புத் துரு கொஞ்சம் கொட்டியது. பிறகு பல்லி முட்டை இரண்டு விழுந்தன. அதற்குள் சமையல்கார அக்கா ஈரச் சாக்கைப் பிழிந்து தாச்சியை மூடிவிட்டார். குழாயும் கையுமாக நின்ற என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

பழைய ரீ.ஓ., வவுனியா:
கரையான் தம்பி, விதியைக் குறை சொல்ல வேண்டாம். தீப்பம்புக்கான இணைப்பைப் பிரதான சுவிட்சுக்கு முன்னாலேயே தனியாக எடுக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. வயர் மிச்சம் பிடித்தது யார் என்று உங்கள் முதலாளியைக் கேளுங்கள். இன்னொன்று: எரிகிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் அது சீறிக் கூரை வரை எழும்பும். அன்று உங்களைக் காப்பாற்றியவை அந்தப் பல்லி முட்டைகள்.

ரீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) ஆக இருந்த என் அனுபவம் சிறியது. நெல் ஆலை ஒன்றில் உமிக் குவியல் எரிந்தது. மேலே தண்ணீர் அடித்து, அணைந்துவிட்டது என்று தேநீர் குடித்தோம். மறுநாள் அதில் ஏறிய பையனின் கால் முழங்கால் வரை தணலுக்குள் போனது.

யாரும் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்கிறேன். சுருள்குழாய் நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 லீற்றர் குடிக்கும். 1000 லீற்றர்த் தாங்கி அரை மணித்தியாலத்துக்குத்தான், அதுவும் நிரம்பியிருந்தால். கோடையில் எவருடைய தாங்கி நிரம்பியிருக்கிறது? ஆகவே பாவனைக் குழாயைத் தாங்கியின் நடு உயரத்தில் பொருத்துங்கள், தீக்குழாயை அடியில் பொருத்துங்கள். குளித்துத் துவைத்து முடித்தாலும் கீழ்ப்பாதி மிஞ்சும். தூள் நிரப்பிய தீயணைப்பான் வாங்கியவர்கள் அதை அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள், வாசலருகே மாட்டுங்கள். மாதம் ஒருமுறை அதன் அழுத்தமானி முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். அதன் மேல் துவாய் காயப்போடுவதையும் நிறுத்துங்கள்.

வலயம் இரண்டு:
ஐயா சொல்வது கல் வீட்டுக்குச் சரி. 2009இல் நாங்கள் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தோம். கூடாரத்தோடு கூடாரம், குடிதண்ணீருக்கே வரிசை. ஒரு மத்தியானம் அடுப்புப் பொறியில் ஒரு கூடாரம் பற்றியது. குடத்தோடு ஓடியவர்களை மறித்த முதியவர் ஒருவர், "அதை விடுங்கள், அடுத்ததை அறுங்கள்" என்று கத்தினார். அடுத்தது எங்களுடையது. கயிற்றை நானே அறுத்தேன். தறப்பாளை இழுத்து வெளியாக்கினோம், நெருப்பு அங்கேயே நின்றது. அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஊரில் கிடுகுக் கூரை பற்றினாலும் இதே வேலைதான், கொக்கத்தடியால் (நுனியில் கொக்கி கட்டிய நீண்ட தடி) கொழுவி இழுத்து விழுத்துவார்கள். எந்த விதிப் பட்டியலில் கொக்கத்தடி இருக்கிறது?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
எங்கள் முன்பள்ளிக்கு இரண்டாவது கதவு வைத்து, மேலே பச்சை நிறத்தில் ஓடும் மனிதன் படமும் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் கதவைப் பூட்டக் கூடாதாம். இரவில் யானை வருகிற ஊர் இது. மாலையில் பனங்குற்றியால் முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போவேன். ஒருநாள் காலை அதை எடுக்க மறந்துவிட்டேன். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினான். என்ன என்று கேட்டால் படத்தைக் காட்டுகிறான். மலசலகூடத்துக்கு அவசரமாக ஓடுகிறவர் என்று நினைத்திருக்கிறான். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள், நாளுக்குப் பத்துத் தடவை அந்தக் கதவால்தான் போய் வருகிறார்கள். நான் திருத்தவில்லை.

பழைய ரீ.ஓ., வவுனியா:
திருத்தாதீர்கள் ரீச்சர். ஆனால் குற்றியை எடுப்பது யார் பொறுப்பு என்று ஒரு பெயர் எழுதி ஒட்டுங்கள். வலயம் இரண்டுக்கு: கொக்கத்தடி மின்கம்பியில் படும். இரும்புக் குழாயில் செய்தது வேண்டாம், காய்ந்த மரத்தடி நல்லது.

திருநகர் கடைக்காரன்:
தண்ணீர் பௌசர் வைத்திருக்கும் உழவு இயந்திரக்காரர்கள் நான்கு பேர் என் வீதியிலேயே இருக்கிறார்கள். தொகுதி வாசலில் அவர்களுடைய குழாய் பொருந்தும் மூட்டு ஒன்று வைக்க யோசிக்கிறேன். ஆனால் நான்கு பௌசருக்கும் நான்கு அளவு வாய். பரந்தனில் இதற்கு மாற்று மூட்டு கடைந்து தருபவர் யாராவது இருக்கிறார்களா?