டைட்டில் எழுத்துக்கு மேலே வால் விழுகிறது (35 எம்எம் ஃபிலிம் ப்ரொஜெக்டர்)

கேள்வி:
இரண்டு இறகு ஷட்டர் (சுழன்று ஒளியை மறைக்கும் தகடு), செனான் விளக்கு. கறுப்புத் திரையில் வெள்ளை டைட்டில் வந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் மேல்பக்கம் வெள்ளையாக இழுக்கிறது. ஃபோகஸ் சரி, லென்ஸ் மாற்றியும் போகவில்லை. வசனமும் உதட்டசைவுக்குப் பிந்தி வருகிறது. இரண்டும் ஒரே கோளாறா?

பதில் 1:
வேறு வேறு சார். வால் விழுவது ஷட்டர் டைமிங். கேட்டில் (ஃபிலிம் மீது ஒளி விழும் சட்டத்தில்) ஃபிலிம் நின்று நின்றுதான் நகரும். மோட்டாரோடு சுற்றும் கேம் ஒரு சுற்று சுற்றினால், அது தள்ளும் சிலுவை வடிவச் சக்கரமான மால்டீஸ் கிராஸ் கால் சுற்று. அதோடு சேர்ந்த 16 பல் ஸ்ப்ராக்கெட் (ஃபிலிம் துளைகளில் மாட்டும் பல் சக்கரம்) 4 பல் நகர்ந்து ஒரு ஃபிரேமை இழுக்கும். 1896-ல் பெர்லினில் ஆஸ்கர் மெஸ்டர் ப்ரொஜெக்டரில் போட்ட அதே கிராஸ்தான். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓட்டத்தில் இழுப்புக்குக் கிடைப்பது 1/96 விநாடி. அது முழுக்க இறகு ஒளியை மறைக்க வேண்டும். ஃபிலிம் கேட்டில் கீழே இறங்க, லென்ஸ் புரட்டுவதால் திரையில் படம் மேலே ஏறும். அதனால் மேலே வால் விழுந்தால் ஷட்டர் பிந்தி மூடுகிறது, கீழே விழுந்தால் முந்தித் திறக்கிறது.

விளக்கை அணைத்து, ஃபிலிமை எடுத்துவிட்டு, மோட்டார் குமிழை ஓடும் திசையிலேயே கையால் திருப்புங்கள். கிராஸ் ஸ்ப்ராக்கெட் சரியாக 2 பல் நகர்ந்ததும் நிறுத்துங்கள். அப்போது இறகின் நடுக்கோடு லென்ஸ் மையத்துக்கு நேராக நிற்க வேண்டும். இறகுகளில் ஒன்று அகலமாக இருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். நேராக இல்லையென்றால் ஷட்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அந்த இடத்தில் வைத்து இறுக்குங்கள்.

பதில் 2:
வசனத்துக்குக் கீழ் லூப்பை, அதாவது கேட்டுக்குக் கீழே ஃபிலிம் தளர்வாக வளையும் இடத்தை, பாருங்கள். ஒலி அதன் படத்தைவிட 21 ஃபிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். லூப் பெரிதானால் ஒலி பிந்தும், சிறிதானால் முந்தும். துண்டு ஃபிலிமை ஏற்றி, கேட்டில் உள்ள ஃபிரேமிலிருந்து சவுண்ட் ஹெட்டில் (ஃபிலிமிலிருந்து ஒலியைப் படிக்கும் பகுதி) ஒளி விழும் இடம்வரை எண்ணுங்கள். சோதிக்கும்போது ஸ்பீக்கருக்கு அருகே உட்காருங்கள்; 14 மீட்டர் தள்ளிப் போனாலே ஒலி ஒரு ஃபிரேம் தாமதமாகும். லூப்பை அளவுக்கு மீறிக் குறைத்துவிடாதீர்கள், துளைகள் கிழியும்.

கேட்டவர்:
24 ஃபிரேம் இருந்தது, மூன்று குறைத்ததும் வசனம் சேர்ந்துவிட்டது, நன்றி. ஷட்டரையும் வைத்தேன். இப்போது மேலும் கீழும் லேசான வால்.

பதில் 1:
அப்படியென்றால் ஷட்டர் கியரில் ஆட்டம் இருக்கிறது, அல்லது இறகின் அகலம் போதவில்லை. குமிழை அசையாமல் பிடித்துக்கொண்டு இறகை மட்டும் ஆட்டிப் பாருங்கள். தளர்வாக ஆடினால் தேய்ந்த கியரை மாற்றாமல் எந்த டைமிங்கும் நிற்காது.