நர்சரி வேண்டாம், நம்ம பால்வாடிக்குச் செய்வோம்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

நம் ஊர்ச் சங்க நிதியில் இருக்கும் 3 லட்சத்தில் சமுதாயக்கூடத்தில் இலவச இங்கிலீஷ் நர்சரி தொடங்கலாம் என்று தலைவர் மாமா இந்தக் குழுவில் எழுதியிருந்தார். துபாய் அண்ணன்களும் சிங்கப்பூர் சித்தப்பாவும் சரி என்று பதில் போட்டிருந்தார்கள். இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் எல்.கே.ஜி. படிக்கட்டும் என்று நினைக்கிற அந்த மனசுக்கு என் வணக்கம். ஆனால் இந்தப் பணம் நர்சரிக்குப் போகாமல் நம்ம பால்வாடிக்கு, அதாவது அரசு அங்கன்வாடிக்குப் போக வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நர்சரி என்றால் பிள்ளைக்கு 3 வயது ஆனபிறகு காலையில் சில மணி நேரம், அவ்வளவுதான். பால்வாடியின் கணக்கு அதற்கு வெகுமுன்பே ஆரம்பித்துவிடுகிறது. ஒரு பெண் உண்டானதுமே டீச்சரின் பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. அவளுக்கும், பிறகு ஆறு மாதம் முடிந்த அவள் குழந்தைக்கும் சத்துமாவு கிடைக்கிறது. 2 வயதிலிருந்து மதியம் சூடான சாப்பாடு, வாரத்தில் 3 முட்டை. மாதாமாதம் எடை பார்க்கிறார்கள். நர்ஸம்மா வந்து தடுப்பூசி போடுவதும் அங்கேயே. 1975 அக்டோபர் 2-இல் மத்திய அரசு நாட்டில் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் இதைத் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயது வராத பிள்ளைகளுக்கும் சேர்த்தே சோறு போட்டார். இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் மையங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று நம்ம ஊரில் இருக்கிறது.

பிள்ளையை நர்சரியில் சேர்த்துவிட்டால் இதெல்லாம் மெல்ல விட்டுப்போகும். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிற வீட்டில் டிபன் டப்பாவில் என்ன இருக்கும்? பல நாள் ஒரு பிஸ்கட் பாக்கெட்தான். பிள்ளையின் எடை இரண்டு மாதமாக ஏறாமல் நின்றால் அதைக் கண்டுபிடித்து வீடு தேடிப் போய்ச் சொல்ல நம் நர்சரியில் யார் இருப்பார்கள்?

அடுத்ததை நேராகவே எழுதிவிடுகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம்ம பால்வாடி காலனித் தெருவில் இருக்கிறது. அதனாலேயே மேலத்தெரு, வடக்குத் தெருப் பிள்ளைகள் பலர் அங்கே வருவதில்லை. சத்துமாவு மட்டும் வீட்டுக்கு வந்துவிடும், பிள்ளை போகாது. சமுதாயக்கூடத்தில் நர்சரி வைத்தால் எந்தத் தெருப் பிள்ளை எங்கே உட்காரும் என்று இந்தக் குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், அதுபாட்டுக்கு நடந்துவிடும். 3 வயதுப் பிள்ளைகளை அப்படிப் பிரிக்கிற வேலைக்கு நம் சங்கத்தின் காசு போவதை என்னால் ஏற்க முடியாது. எந்தத் தெரு வீட்டுக்காரரும் தன் பிள்ளையை அனுப்ப ஆசைப்படுகிற மாதிரி அந்தப் பால்வாடியை ஆக்கிக் காட்டுவோம். நம் வீட்டுப் பேரன் பேத்திகள் முதலில் போகட்டும்.

"அங்கே ஒண்ணும் சொல்லித்தர்றதில்ல, சோறு போட்டுத் தூங்க வைக்கிறாங்க" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். டீச்சரின் ஒரு நாளைப் பார்த்தால் காரணம் விளங்கும். பதிவேடு எழுத வேண்டும், அதையே போனில் போஷன் டிராக்கர் என்ற அரசு ஆப்பில் ஏற்ற வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும். பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் இவர்கள் தலையில்தான். சமைக்கிற உதவியாளர் பணியிடம் காலியாக இருந்தால் அடுப்படியும் சேர்ந்துகொள்ளும். பிறகு பாட்டுக்கும் கதைக்கும் நேரம் எங்கே? 3 வயதுப் பிள்ளைக்கு வேண்டியதோ அந்தப் பாட்டும் கதையும் விளையாட்டும்தான். பென்சில் பிடித்துக் கோட்டுக்குள் எழுத அந்த விரல்களுக்கு இன்னும் பலம் வந்திருக்காது. நர்சரியில் ஏ, பி, சி, டி எழுத வைப்பதைப் பார்த்துப் பெற்றவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். அதைவிடப் பேச்சு நன்றாக வந்த பிள்ளைதான் பின்னால் வேகமாகப் படிக்கும்.

நான் இங்கே நியூ ஜெர்சியில், அமெரிக்க அரசின் பால்வாடி மாதிரியான ஒரு ஹெட் ஸ்டார்ட் மையத்தில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். 1965-இல் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கோடைகால வகுப்பாகத் தொடங்கி இன்றுவரை நடக்கிற திட்டம். இங்கே பிள்ளை சேர்ந்த 45 நாளுக்குள் காது, கண், பேச்சு எல்லாம் சோதித்துவிட வேண்டும் என்பது விதி. திட்டத்தை எப்படி நடத்துவது என்று முடிவெடுப்பதில் பங்கெடுக்கும் கொள்கைக் குழுவில் பாதிக்கு மேல் பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும் விதி. இந்த இரண்டையும் நம்ம ஊரிலும் செய்யலாம். அரசு மருத்துவமனையில் கேட்டு வருடம் ஒருமுறை காது, கண் பார்க்க ஏற்பாடு செய்யலாம். அம்மாமார்களைக் கூட்டி வைத்து, பால்வாடிக்கு என்ன தேவை என்று முதலில் அவர்களைக் கேட்கலாம்.

இனிப் பணம். தமிழக அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடுகிறது. அரசு ஒப்புதல் கிடைத்தால் நம் 2 லட்சம் 6 லட்சத்துக்கான வேலையாகும். கழிப்பறை, தண்ணீர்க் குழாய், சுற்றுச்சுவர் என்று அதில் கேட்கலாம். மிச்சமுள்ள 1 லட்சத்தில், பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் நம்மூர்ப் பெண் ஒருத்திக்கு மாதச் சம்பளம் கொடுத்து, தினமும் காலையில் பிள்ளைகளோடு பாடவும் கதை சொல்லவும் வைக்கலாம். இதற்குக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். என்னைப் போல அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்பும் நன்கொடை, சட்டப்படி வெளிநாட்டுப் பணம். ஊரில் உள்ள சங்கம் அதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே இனிமேல் சேர்க்கும் பணத்தில் முதல் தவணை, இந்தியப் பாஸ்போர்ட் உள்ள துபாய், சிங்கப்பூர் உறவுகளிடமிருந்து வரட்டும். எங்கள் பங்கை எப்படி முறையாகச் சேர்ப்பது என்று பொருளாளர் அண்ணன் ஆடிட்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் யார் யார்? போகிறவர்கள் ஒரு காலைப்பொழுது பால்வாடியில் உட்கார்ந்துவிட்டு, டீச்சரிடமும் பஞ்சாயத்துத் தலைவரிடமும் பேசி வந்து இங்கே எழுதுங்கள். அதுவரை நர்சரிக்கு முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம் மாமா.

அன்புடன்,
வடக்குத் தெரு போஸ்ட் மாஸ்டர் வீட்டுப் பெண்
நியூ ஜெர்சி