டிஸ்க் பிதுக்கம்: வெப்பப்படத்தில் 0.8 டிகிரி குறைந்தால் எல்5 என்று எழுதலாமா?

கேள்வி – இயன்முறை_ஈரோடு
எம்ஆர்ஐயில் எல்4-எல்5 டிஸ்க் (இடுப்பின் 4ஆம், 5ஆம் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருப்பது) இடப்பக்கம் பிதுங்கியிருக்கிறது. வலி இடது பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்காலின் வெளிப்புறமாகப் பெருவிரல் வரை இறங்குகிறது. காலை நீட்டித் தூக்கினால் 40 டிகிரியில் சுண்டுகிறது. அகச்சிவப்புக் கேமராவில் இடது புறங்கால் வலதைவிட 0.8 டிகிரி குளிர்ச்சி. அறை 29 டிகிரி, மின்விசிறி ஓடியது, செருப்பைக் கழற்றியதும் எடுத்த படம். கேமரா 160×120 படப்புள்ளி. எல்5 நரம்புவேர் எரிச்சல் என்று அறிக்கையில் போடலாமா?

பதில் – வெப்பமானி
இந்தப் படத்தை வைத்து எதுவும் எழுத வேண்டாம். 29 டிகிரியில் தோலின் ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே விரிந்திருக்கும். உண்மையான வித்தியாசம் இருந்தாலும் மழுங்கிவிடும். விசிறிக் காற்று ஒரு காலில் மட்டும் பட்டாலே 0.8 வந்துவிடும்.

திரும்ப எடுங்கள். ஏசியை 21-22 டிகிரியில் வையுங்கள், காற்று ஆள்மேல் நேராகப் படக்கூடாது. இடுப்புக்குக் கீழே துணியை விலக்கி, வெறுந்தரையில் இல்லாமல் பாய்மேல் 15 நிமிடம் நிற்கட்டும். கால்மேல் கால் போடக்கூடாது. கேமராவும் அதே நேரம் ஓடிச் சூடேறட்டும். எண்ணெய், தைலம், வலி களிம்பு எதுவும் அன்று கூடாது. காபி, பீடி, சிகரெட் 4 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். ஒத்தடம், டென்ஸ் (தோல்வழி மின்தூண்டல்), அக்குபஞ்சர் முந்தைய 24 மணி நேரத்தில் வேண்டாம்.

கேமராவில் உமிழ்திறன் (தோல் வெப்பத்தை உமிழும் விகிதம்) 0.98. இரண்டு காலும் ஒரே சட்டகத்தில், நேர்முகமாக. சரிந்த கோணத்தில் ஓரங்கள் குளிர்ச்சியாகக் காட்டும். ஒரே அளவு வட்டம் இருபுறமும் போட்டு, உச்ச அளவை விட்டுச் சராசரியை ஒப்பிடுங்கள். வண்ண அளவுகோலை 24-34 போல நிலையாக வையுங்கள்; தானியங்கியில் விட்டால் அரை டிகிரிகூட நீலத்துக்கும் சிவப்புக்கும் உள்ள தூரமாகத் தெரியும். 57 டிகிரி லென்ஸானால் ஒரு மீட்டரில் ஒரு படப்புள்ளி சுமார் 7 மி.மீ.; கால்விரலுக்கு இரண்டு, மூன்று புள்ளிதான் கிடைக்கும். விரல் எண்ணை நம்பாதீர்கள்.

பதில் – நரம்புவழி
படம் சுத்தமாக வந்தாலும் "எல்5" என்று எழுத முடியாது. தோலின் சூட்டை ஆள்வது பரிவு நரம்பு, அதாவது ரத்தக்குழாயைத் தானாகச் சுருக்கும் நரம்பு. அதன் இழைகள் தண்டுவடத்தை விட்டு வெளியேறுவது டி1 முதல் எல்2 வரை. அங்கிருந்து முதுகெலும்பை ஒட்டிய நரம்புச் சங்கிலி வழியாக இறங்கி, எல்5 நரம்போடு சேருவது அந்த நரம்பு வெளிவரும் எலும்புத் துளைக்கு வெளியே. எல்4-எல்5 டிஸ்க் வழக்கமாக அழுத்துவதோ முதுகெலும்புக் கால்வாய்க்குள்ளே இருக்கும் எல்5 வேரை. அந்த இடத்தில் பரிவு இழையே இல்லை.

பின் ஏன் குளிர்கிறது? வலியால் அனிச்சையாகக் குழாய் சுருங்குகிறது, காலை ஊன்றாமல் நடப்பதும் சேர்ந்துகொள்கிறது. அதனால் குளிர்ந்த பகுதி எல்5 உணர்வுப் பட்டையோடு (அந்த வேர் உணர்வு தரும் தோல்பகுதி) ஒட்டாது. அதற்குக் கீழுள்ள எல்5-எஸ்1 டிஸ்க் பிதுக்கத்திலும் இதே பாதம் குளிரலாம்.

இயன்முறை_ஈரோடு
எவ்வளவு வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பது?

பதில் – நரம்புவழி
1988இல் உவெமாட்சு குழு ஆரோக்கியமானவர்களிடம் கண்ட இடவல வித்தியாசம் சராசரி 0.24 டிகிரி, புற நரம்பு காயமடைந்தவர்களிடம் 1.55. ஆனால் அது நரம்பே அறுந்த, நசுங்கிய நிலை, டிஸ்க் அல்ல. பாதத்திலும் விரலிலும் இயல்பான வித்தியாசமே கூடுதல். 0.8 வந்தால் முதலில் பாதத் துடிப்பைத் தொட்டுப் பாருங்கள்: தமனி அடைப்பும் இதையே காட்டும். சுருள்சிரை, மூட்டுவீக்கம் எதிர்க்காலைச் சூடாக்கி அதே எண்ணைத் தரும். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1992இலேயே இந்தச் சோதனைக்குப் பணம் தருவதை நிறுத்தியது காரணமில்லாமல் இல்லை.

எல்5க்குப் பெருவிரலை மேலே தூக்கும் வலுவைச் சோதியுங்கள். ஈஎம்ஜி (தசை மின்பதிவு) எடுப்பதானால் வலி தொடங்கி 3 வாரம் போகட்டும். அதற்குமுன் தசை மாற்றம் பெரும்பாலும் தெரியாது. பாதம் தொங்கினால், ஆசனவாயைச் சுற்றி மரத்தால், சிறுநீர் அடைத்தால் கேமராவை எடுக்கவே வேண்டாம், அன்றே அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பதில் – வெப்பமானி
ஒன்று விட்டுப்போனது. படம் எடுத்ததும் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்று எடுங்கள். குளிர்ச்சி இடது காலோடு போகாமல் சட்டகத்தின் அதே பக்கத்தில் நின்றால், குறை உணரியில்.