ஹீட் பம்ப் உள்ள வீட்டுக்குத் தூண் வகை ரேடியேட்டர்: எத்தனை வாட் வாங்க வேண்டும்?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

வணக்கம். பாரிஸ் புறநகரில் உள்ள என் மகள் வீட்டின் கூடத்துக்குத் தூண் வகை ரேடியேட்டர் (செங்குத்துக் குழாய்களில் சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் சாதனம்) ஒன்று வாங்க வேண்டும். பிரான்சில் வாழ்ந்து திரும்பியவர்கள் நம் ஊரில் பலர் இருப்பதால் இங்கே கேட்கிறேன். கூடம் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம். பழைய எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் மின் இயந்திரம்) பொருத்தியிருக்கிறார்கள். சென்ற தை மாதம் நான் அங்கிருந்தபோது, ரேடியேட்டர் ஓடிக்கொண்டிருந்தும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் கணுக்கால் சில்லிட்டுவிடும். கடைக்காரர் 2000 வாட் போதும் என்கிறார். நம்பலாமா?

பதில் 1 (மஞ்சக்குப்பம், கடலூர்)

ஐயா, பிரான்சில் பல ஆண்டுகள் வெப்பக் குழாய் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: கடைக்காரரின் கணக்கு தவறில்லை, ஆனால் அது பாய்லருக்கான கணக்கு. சுமாரான சுவர்கள் உள்ள வீட்டுக்குக் கன மீட்டருக்கு 40 வாட் என்று தோராயமாகப் போடுவார்கள். உங்கள் கூடம் 50 கன மீட்டர் என்பதால் 2000 வருகிறது. ஆனால் கேட்லாகில் அச்சிட்டிருக்கும் வாட், 75 டிகிரியில் தண்ணீர் நுழைந்து 65 டிகிரியில் வெளியேற, அறை 20 டிகிரியில் இருக்கும் நிலையில் அளந்தது. அதாவது தண்ணீரின் சராசரிக்கும் அறைக்கும் இடையே 50 டிகிரி வித்தியாசம். ஹீட் பம்பில் 55 டிகிரியில் போய் 45 டிகிரியில் திரும்பினால் அந்த வித்தியாசம் 30 ஆகிவிடும். அப்போது அதே ரேடியேட்டர் அச்சிட்ட அளவில் ஏறக்குறையப் பாதி வெப்பத்தைத்தான் தரும். ஆகவே கேட்லாகில் 4000 வாட் அளவுக்குப் பார்க்க வேண்டும். தண்ணீரின் சூட்டைத் தெரிந்துகொள்ளாமல் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.

அவ்வளவையும் ஒரே ரேடியேட்டரில் தேடினால் சுவர் முழுவதும் போய்விடும். முன்பின்னாக இரண்டு குழாய் உள்ளதற்குப் பதில் மூன்று அல்லது நான்கு குழாய் உள்ளதை எடுத்தால், அதே அகலத்தில் கூடுதல் வெப்பம் கிடைக்கும். இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கட்டாயம் ஜன்னலுக்குக் கீழே வையுங்கள். கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று கீழிறங்கித் தரையோடு ஊர்வதால்தான் உங்கள் கணுக்கால் சில்லிட்டது.

பதில் 2 (லாஸ்பேட்டை)

ஜன்னல் ஒற்றைக் கண்ணாடியா என்று முதலில் பாருங்கள் ஐயா. இரட்டைக் கண்ணாடி போட்டால் தேவைப்படும் வாட்டே குறையும். வார்ப்பிரும்பைவிட எஃகு வாங்குவது நல்லது என்பது என் கருத்து. வார்ப்பிரும்பு சூடேறத் தாமதமாகும், எடையும் மிக அதிகம். திரைச்சீலை ரேடியேட்டரை மூடாமல் இருக்க வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. மகளிடம் விசாரித்தேன், தண்ணீர் 55 டிகிரியில்தான் செல்கிறதாம், ஜன்னலும் ஒற்றைக் கண்ணாடிதான். இப்போதுள்ள ரேடியேட்டரின் மேல்பகுதி குளிர்ந்தும் கீழ்ப்பகுதி சூடாகவும் இருக்கிறது என்கிறாள். அது ஏன்?

பதில் 1

உள்ளே காற்று தங்கியிருக்கிறது. ஓட்டத்தை நிறுத்தி ஆறவிட்டு, மேல் ஓரத்தில் உள்ள சிறு திருகுக்குக் கீழே ஒரு குவளையைப் பிடித்துக்கொண்டு, சாவியால் மெல்லத் திருகச் சொல்லுங்கள். உஸ்ஸென்று காற்று வெளியேறித் தண்ணீர் வந்ததும் மூடிவிட வேண்டும். பிறகு குழாயின் அழுத்தத்தையும் சரிபார்க்கட்டும். ஜன்னலை மாற்றிவிட்டு வாட்டை மறுபடி கணக்கிட்டு வாங்குங்கள்.