விலை கூடின கோல்ஃப் பட்டர் ஷாஃப்ட்: பிடிச்சு அடிச்சுப் பாத்தவை சொல்லுங்கோ

சீனக்குடாக்காரன்

சீனக்குடாக் கோல்ஃப் திடலில அண்டைக்கு நடந்தது இன்னும் மண்டைக்குள்ள நிக்குது, அதால தான் கேக்கிறன். லண்டனில இருந்து வந்த அத்தானிட்ட கார்பன் ஷாஃப்ட் (தண்டு) போட்ட பட்டர், பந்தைக் குழிக்க உருட்டிற மட்டை. என்னட்ட இருக்கிறது பழைய ஸ்டீல். பின்னேரம், கச்சான் நல்லா வீசுது, பத்தடிக்குக் கிட்ட இருக்கிற பட் (குழிக்கு உருட்டிற அடி). அத்தான் "இதால ஒருக்கா அடிச்சுப் பார் மச்சான்" எண்டு நீட்டினார்.

அடிச்ச உடனயே தெரிஞ்சிது, நடுவில படேல்ல. தலையின்ர நுனிப் பக்கம் பட்டிட்டுது. என்ர பட்டரில அப்பிடிப் பட்டா உள்ளங்கை வரைக்கும் ஒரு அதிர்வு வரும், பந்து வலப்பக்கம் விலகிக் குழிக்கு முன்னாலயே நிண்டுடும். இதில அந்த அதிர்வு இல்லை. மொத்தையா ஒரு 'டொக்'. பந்து போட்ட கோட்டை விடாமல் போய் உள்ள விழுந்தது. விழுந்ததை விட அந்த 'டொக்' தான் இன்னும் காதுக்க கேக்குது.

ஷாஃப்ட் முறுகாது, அதின்ர வேலை தான் இது எண்டு அத்தான் அடிச்சுச் சொல்லுறார். ஷாஃப்ட் மட்டும் 200 டொலருக்குக் கிட்ட. இங்க 60,000 ரூபா சொச்சம் வரும். உண்மையிலேயே ஷாஃப்டால தானோ? பாவிச்சவை சொல்லுங்கோ.

உவர்மலை கேடி

நான் முந்தி நுவரெலியாவில கேடியா, ஆடுற ஆக்களின்ர பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போற ஆளா, நிண்டனான். 1889 இல தொடங்கின கிளப், அங்க வராத சாமான் இல்லை. ஒருநாள் வெளிநாட்டு ஐயா ஒருத்தர், உங்கட அத்தான் வச்சிருக்கிற மாதிரிக் கறுப்பு ஷாஃப்ட். ஒவ்வொரு பட்டுக்கும் முதல் துணியால துடைச்சுப் போட்டுத் தான் அடிப்பார். திசை எண்டா அச்சொட்டு. ஆனா எல்லாப் பந்தும் குழியைத் தாண்டி நாலடி, அஞ்சடி. ஒரு இறக்கப் பட்டில பந்து கிரீனை, குழியைச் சுத்தி இருக்கிற குட்டைப் புல்லை, விட்டே போயிட்டுது. அவர் என்னைப் பாத்தார், பட்டரை என்ர கையில தந்து "நீ அடி" எண்டார்.

அடிச்சன். எனக்கும் தாண்டித் தான் போச்சுது. அந்தக் கிரீனில கண்ணை மூடிக்கொண்டு தூரம் சொல்லுவன் நான். எண்டாலும் அந்தப் பட்டரில எவ்வளவு விசை போட்டனெண்டு கைக்குத் தெரியேல்ல. அதிர்வு இல்லை, சத்தம் இல்லை, கைக்கு ஒண்டும் வந்து சேரேல்ல. தம்பிக்கு நல்லாப் பட்ட அதே குணம் தான் அந்த ஐயாவின்ர தூரத்தைக் கெடுத்தது. அவர் முகம் போன போக்கு எனக்கு இண்டைக்கும் மறக்கேல்ல.

துறைமுக வேர்க்‌ஷொப் (ஓய்வு)

தம்பி சீனக்குடாக்காரன், முதல் ஒரு கேள்வி. அத்தான்ர பட்டரின்ர தலை எப்பிடி? உங்கட மாதிரி மெல்லிய பிளேட்டோ, பின்னுக்கு அகலமான மாலட்டோ? அதைச் சொல்லாமல் ஷாஃப்டைப் பற்றி ஒண்டும் முடிவெடுக்கேலாது.

என்ர அனுபவம் சின்னன். என்ர நண்பர் ஒருத்தர் கார்பன் ஷாஃப்ட் எடுப்பிச்சார். ரெண்டு பட்டரையும் வைஸில இறுக்கிப் போட்டுத் தலையின்ர நுனியை விரலால தள்ளிப் பாத்தம். ஸ்டீல் கொஞ்சம் முறுகிச்சுது. கார்பன் அதை விடக் குறைவு. வித்தியாசம் விரலுக்குத் தெரிஞ்சிது, அதை நான் மறுக்கேல்ல. 2018 இல கோல்ஃப் மட்டை செய்யிற பார்னி அடம்ஸின்ர கம்பனி விட்ட ஸ்டெபிலிட்டி ஷாஃப்டும் இதே யோசினை தான்: எட்டு அடுக்குக் கார்பன் ஃபைபர், உள்ளுக்கு ஒரு அலுமினியத் துண்டு, முறுக்கத்தைக் குறைக்கிறதுக்கு.

ஆனா பந்தும் பட்டரும் தொட்டுக்கொண்டிருக்கிற நேரம் ஒரு செக்கனில ரெண்டாயிரத்தில ஒரு பங்கு அளவு தான். நுனியில பட்ட அடி ஷாஃப்ட் வழிய மேல போய்க் கையைத் தொட்டுத் திரும்பி வர முதல் பந்து போயிட்டுது. அந்தக் கணத்தில தலை தனிய நிக்குது. நுனியில பட்டும் பந்து விலகாமல் போச்சுதெண்டா, அது தலையின்ர பாரம் ஓரங்களில பரவி இருக்கிறதால. மாலட் தலை திரும்பிறதுக்குக் கஷ்டம், பிளேட் கெதியாத் திரும்பிடும். ஷாஃப்ட் செய்யக்கூடியது அடிக்கு முதல்: பின்னுக்குக் கொண்டு போய் முன்னுக்குத் திருப்பிற இடத்தில தலை பின்தங்காமல் வரப்பண்ணிறது. தூரத்துக்கு அடிக்கிற டிரைவர் மட்டையில அது பெரிய விசயம். பத்தடிப் பட்டில தலை போறது ஆள் நடக்கிற வேகத்தில, அங்க எவ்வளவு தான் வளையும்?

இப்ப காசு செலவழிக்காமல் செய்யிற வேலை சொல்லுறன், கேளுங்கோ. குழியின்ர அகலம் 108 மில்லிமீற்றர். பத்தடியில, பட்டரின்ர முகம் (பந்தில படுற பக்கம்) ஒரு பாகை விலகினாலே பந்து 5 சென்ரிமீற்றர் அளவு விலகும். அதாவது குழியின்ர நடுவில இருந்து விளிம்பு. பந்து எந்தத் திசையில புறப்படுது எண்டதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது அந்த முகம் தான், பட்டர் போற பாதை அதுக்குப் பிறகு தான். ரெண்டு கம்பி குத்தி, நடுவில நூல் கட்டி, நூலுக்குக் கீழ பந்தை வச்சு அடியுங்கோ. புறப்பட்ட முதல் ரெண்டு அடிக்குள்ள பந்து நூலை விட்டு விலகுதோ எண்டு பாருங்கோ, குழியைப் பாக்க வேண்டாம். பந்துக்கு ரெண்டடி முன்னால ரெண்டு டீயை (பந்து வைக்கிற குச்சியை) பந்தை விடக் கொஞ்சம் அகலமா ஊண்டுங்கோ, அதுக்குள்ளால போக வேணும். பிறகு தூரம்: பத்து, இருபது, முப்பது அடிக்கு மாறி மாறி, ஒரே தூரத்தில அடுத்தடுத்து ரெண்டு பந்து அடிக்காதேங்கோ. உலகத்தில முதல் தரத்தில விளையாடுற பிஜிஏ ரூர் ஆக்களே எட்டடியில கிட்டத்தட்டப் பாதி தான் போடுகினம். அவையளிட்ட எல்லா ஷாஃப்டும் இருக்கு. பத்தடியில ஒரு பந்து விழுந்ததை வச்சு 60,000 ரூபா குடுக்க வேண்டாம் தம்பி.

நிலாவெளி மகள்

ஐயா, நீங்க சொன்ன கணக்கு எல்லாம் சரியா இருக்கலாம். ஆனா "எவ்வளவு தான் வளையும்" எண்டு கேட்டிட்டு அதோட விட்டிட்டீங்கள். உங்கட கணக்கு நடுக்கமில்லாத கைக்கு.

அப்பாவுக்குக் கொஞ்ச வருசமா வலக்கை நடுங்கும். பட் அடிக்கப் போய் நிண்டா, பந்துக்குப் பின்னால பட்டரின்ர தலை துடிக்கிறது எனக்குத் தூரத்தில நிண்டே தெரியும். புல்லில அது உரசிற சத்தம் கேக்கும். அவர் அதை மறைக்கிறதுக்கு நிக்காமல் டக்கெண்டு அடிச்சிடுவார். கூட வாற ஆக்கள் வேற பக்கம் பாப்பினம். அது தான் எனக்குத் தாங்கேலாமல் இருந்தது.

பிறகு அண்ணா மேல் பக்கம் கிராஃபைட்டும் கீழ் முனை ஸ்டீலுமா வாற ஷாஃப்ட் உள்ள பட்டர் ஒண்டு அனுப்பினார், ஒடிஸி ஸ்ட்ரோக் லாப், 2019 இல வந்தது. வழமையான ஸ்டீல் ஷாஃப்டை விட 40 கிராம் அளவு குறைவு, அந்தப் பாரத்தைக் கைப்பிடி முனைக்கும் தலைக்கும் பிரிச்சுப் போட்டிருக்கினம். முதல் நாள் அப்பா அதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். நான் தலையைத் தான் பாத்துக்கொண்டிருந்தன். துடிப்பு நல்லாக் குறைஞ்சிருந்தது. அப்பா ஆறுதலா ஒரு மூச்சு விட்டு, குழியை ஒருக்காப் பாத்து, திரும்பப் பந்தைப் பாத்து, பிறகு அடிச்சார். பந்து விழேல்ல. விழாட்டிலும் அப்பா அவசரப்படாமல் அடிச்சதைக் கன காலத்துக்குப் பிறகு அண்டைக்குத் தான் கண்டன்.

முறுக்கத்தால எண்டு நான் சொல்ல வரேல்ல. கைப்பக்கம் பாரம் கூடினதால இருக்கலாம். ஆனா ஷாஃப்டின்ர பாரம் குறைஞ்சதால தானே அந்தப் பாரத்தை அங்க கொண்டு போக முடிஞ்சுது? அதுவும் ஷாஃப்ட் செய்த வேலை தானே ஐயா?

தம்பலகாமம் - இப்ப கொழும்பு

எல்லாரும் ஷாஃப்ட் நல்லதோ கூடாதோ எண்டு கதைக்கிறீங்கள். மாத்திற வேலையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. நான் அதில தான் மாட்டினனான்.

ஷாஃப்டை வெளியில இருந்து எடுப்பிச்சு, பூட்டிறதுக்கு ஒரு கடையில குடுத்தன், பேர் வேண்டாம். என்ர நீளம் 34 அங்குலம். அவர் அளக்காமலே வெட்டு மெசினை வச்சார். அந்தக் கார்பன் தூசி மணமும், "இது சரியா வரும் சேர்" எண்டு அவர் சொன்னதும் அப்பிடியே நினைவிருக்கு. வீட்டை வந்து அளந்தா 33க்கும் குறைய. தலை பஞ்சு மாதிரி இருந்தது. அரை அங்குலம் குறைஞ்சாலே ஸ்விங் வெயிற், அதாவது ஆட்டேக்க தலைப் பக்கம் கைக்குத் தெரியிற பாரம், மூண்டு புள்ளி அளவு இறங்கும், எனக்கு அதை விடக் கூட இறங்கியிருக்கும். எல்லாப் பட்டும் இடப்பக்கம் இழுபட்டுது. வெட்டின கார்பனை ஒட்டேலாது. தலையில ஈய ரேப் ஒட்டி ஒட்டிச் சமாளிச்சு, கடைசியாப் பழைய ஸ்டீலையே திரும்பப் போட்டிட்டன்.

மாத்திற ஆக்களுக்கு: ஷாஃப்டில தலையோட பூட்டிற முனையின்ர விட்டத்தை முதல் பாருங்கோ, கன பட்டருக்கு 0.370 அங்குலம், எல்லாத்துக்கும் இல்லை. வளைஞ்ச ஷாஃப்ட் உள்ள தலைக்கு நேர் ஷாஃப்ட் போட்டா முகம் நிக்கிற கோணமே மாறிடும், அது பிறகு திருத்தேலாத வேலை. தலையைக் கழட்டச் சூடு காட்டேக்க நிறம் பூசின தலையெண்டா மெதுவா. எப்பொக்சி ஒரு நாள் முழுக்கக் காய வேணும், பின்னேரம் ஒட்டிக் காலமை கொண்டு போய் அடிக்காதேங்கோ. நீளத்தை உங்கட கண்ணுக்கு முன்னால அளப்பிச்சுப் பேனையால கோடு போடுவியுங்கோ.

இன்னொண்டு, திருகோணமலை ஆக்களுக்கு மட்டும். உப்புக் காத்தில ஸ்டீல் ஷாஃப்ட், கைப்பிடி உறையான கிரிப்புக்குக் கீழ உள்ளுக்குள்ளால கறள் பிடிக்கும், வெளியில மினுங்கிக்கொண்டிருக்கும். நான் கிரிப் மாத்தேக்க கண்டது. கார்பனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இதை ஒரு கடைக்காரரும் சொல்லமாட்டினம்.

சீனக்குடாக்காரன்

ஐயா கேட்டதுக்காக அத்தானுக்குக் கோல் எடுத்தன். மாலட் தான். நல்ல அகலமான மாலட். என்ரது மெல்லிய பிளேட். அப்ப நான் ஒப்பிட்டது ரெண்டு ஷாஃப்டை இல்லை, ரெண்டு முழுப் பட்டரை.

ஆனா ஐயா, அந்த அதிர்வு வராதது? அதுவும் தலை தானோ?

துறைமுக வேர்க்‌ஷொப் (ஓய்வு)

பாதி தலை, பாதி ஷாஃப்ட், கொஞ்சம் கிரிப். அதிர்வு கைக்கு வாறது பந்து போன பிறகு. அதை விழுங்கிறதில கார்பன் ஸ்டீலை விடக் கெட்டிக்காரன், அதில சந்தேகமில்லை. அதால உங்கட கைக்குச் சுகம். பந்துக்கு அது தெரியாது. முகத்தில பிளாஸ்ரிக் துண்டு (இன்சேர்ட்) பதிச்சிருந்தாலும் சத்தம் மொத்தையாத் தான் வரும், அத்தானிட்ட அதையும் கேளுங்கோ.

நிலாவெளி மகளுக்கு: பிள்ளை சொன்னது சரி. பாரத்தை இடம் மாத்த விட்டது ஷாஃப்ட் தான், அதை நான் கணக்கில எடுக்கேல்ல எண்டது உண்மை. எண்டாலும் அதே பலனைத் தடிச்ச கிரிப்பும் கைப்பிடி முனைக்குள்ள ஒரு பாரமும் போட்டு ஸ்டீலிலயே எடுக்கலாம், செலவு கனக்கக் குறைவு. அப்பாவுக்குத் தடிச்ச கிரிப் போட்டுப் பாத்தனீங்களோ? விரல் குறைவா மடியும், நடுக்கம் இன்னும் அடங்கலாம்.

உவர்மலை கேடி

ஐயா, "பந்துக்கு அது தெரியாது" எண்டு சொல்லிப்போட்டு விடாதேங்கோ. பந்துக்குத் தெரிய வேண்டாம். அடுத்த பட் அடிக்கிற ஆளுக்குத் தெரிய வேணும். போன அடி எவ்வளவு பலமா விழுந்தது எண்டு கை சொல்லாட்டி அடுத்த அடியை எதை வச்சு அளக்கிறது? நுவரெலியாவில அந்த ஐயாவுக்கு நடந்தது அது தான். காலமைப் பனியில கிரீன் மெதுவா இருக்கும், பத்து மணிக்குப் பிறகு வெய்யில் ஏறினா ஓடும். அந்த மாற்றத்தைக் கையால தான் பிடிக்கிறது.

நிலாவெளி மகள்

கிரிப் இன்னும் மாத்தேல்ல ஐயா. அப்பா தடிச்சது வேண்டாம் எண்டு நிண்டவர். நீங்க விரலைப் பற்றிச் சொன்னதை வாசிச்சுக் காட்டினன், சரி எண்டிட்டார். எந்த அளவு எடுக்கிறது?

தம்பலகாமம் - இப்ப கொழும்பு

அக்கா, உடன வாங்க வேண்டாம். இப்ப இருக்கிற கிரிப்புக்கு மேல ரெனிஸ் ராக்கெட்டுக்குச் சுத்திற ரேப்பைச் சுத்திப் பாருங்கோ, விளையாட்டுச் சாமான் கடையில எடுக்கலாம். மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே தடிப்பா வர வேணும். அப்பாவுக்குக் கை ஒத்துவந்தா, சுத்தின தடிப்பை நூலால அளந்து எனக்கு அனுப்புங்கோ. அந்த அளவில கிரிப் இங்க கிடைக்குதோ எண்டு பாத்துச் சொல்லுறன்.