ஆஸ்திரேலியாவின் கிரேக்கக் கஃபேக்கள்: அமெரிக்க மோகமா, பிழைப்பா?

பழைய_ரேடியோ:
ஆஸ்திரேலியச் சிற்றூர்களுக்கு அமெரிக்காவைக் காட்டியது ஹாலிவுட் மட்டுமில்லை, கிரேக்கர்கள் நடத்திய கஃபேக்களும்தான் என்பது என் கட்சி. சோடா கலந்து ஊற்றித் தரும் சோடா ஃபவுண்டன், சிரப் ஊற்றிய ‘சண்டே’ ஐஸ்கிரீம், பிற்பாடு காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் என்று பல ஊர்களுக்கு இவை அவர்கள் கடை வழியாகத்தான் போயின. நடத்தியவர்களில் நிறையப் பேர் கிரேக்கத்தின் கிதெரா தீவுக்காரர்கள். கடைப் பெயர்களைப் பாருங்கள், எல்லாம் அமெரிக்க வாசனை: நயாகரா, கலிபோர்னியா, மான்டெரே. நியூ சவுத் வேல்ஸின் குண்டகாய் ஊரில் இருந்த நயாகராவுக்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் கர்ட்டினே வந்து சாப்பிட்டிருக்கிறார்.

தேன்மொழி_கே:
அந்தப் பெயர்களுக்குப் பின்னால் பயம் இருக்கிறது. 1916 டிசம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியிலும் போல்டரிலும் கும்பல் புகுந்து கிரேக்கர் கடைகளை நொறுக்கியது. கிரேக்க மன்னர் கான்ஸ்டன்டைன் முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா இருந்த பிரிட்டன் அணியில் சேராமல் நடுநிலை வகித்தாராம். அதற்கு எங்கோ தங்கச் சுரங்க ஊரில் கடை வைத்திருந்தவன் என்ன செய்வான்? அதே ஆண்டில் அரசாங்கம் கிரேக்கர்களை ரகசியமாகக் கணக்கும் எடுத்தது. இந்த நிலையில் யார் சொந்த ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதுவார்கள்?

மெனுவும் அப்படித்தான். ஸ்டேக்கும் முட்டையும், மிக்ஸ்ட் கிரில், பிரெட், பட்டர், டீ. அவர்கள் சாப்பாடு பின்கட்டோடு சரி. சமைக்க வேண்டிய ஆலிவ் எண்ணெயை மருந்துக் கடையில் சின்ன பாட்டிலில் வாங்கிய காலம் அது.

பழைய_ரேடியோ:
பயம் இருந்தது, சரி. பயந்தவன் பிரிட்டிஷ் ராஜா ராணி பெயரை வைத்துவிட்டுப் போயிருக்கலாமே, ஏன் நயாகரா? ஏனென்றால் பலருக்கு அமெரிக்காவில் உறவுக்காரர்கள் இருந்தார்கள், சிலர் அங்கே வேலையும் பார்த்தவர்கள். மிக் ஆடம்ஸ் என்கிற யோவாகிம் தவ்லரிதிஸ் அமெரிக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1932 நவம்பரில் சிட்னி மார்ட்டின் பிளேஸில் ‘பிளாக் அண்ட் ஒயிட்’ என்ற மில்க் பார், அதாவது மில்க்ஷேக் கடை, திறந்தார். மில்க்ஷேக் நாலு பென்ஸ். பொருளாதார மந்தத்தின் நடுவில் கூட்டம் அலைமோதியது. 1935இல் ஹியூ மெக்கின்டாஷ் என்ற ஆஸ்திரேலியத் தொழிலதிபர் அதே பெயரில் லண்டன் ஃப்ளீட் ஸ்ட்ரீட்டிலும் திறந்துவிட்டார். இது வெறும் தற்காப்பா?

நெய்தல்_செல்வன்:
இடையில் நுழைகிறேன். இரண்டு பேருமே மதுக்கடையை மறந்துவிட்டீர்கள். நியூ சவுத் வேல்ஸில் 1916 முதல் 1955 வரை பப்களை மாலை ஆறு மணிக்கே மூடிவிட வேண்டும். அதுவும் ஆண்கள் நின்றபடியே குடித்துத் தீர்க்கும் இடம். இரவில் குடும்பத்தோடு, காதலியோடு உட்கார எங்கே போவது? படம் முடிந்து வருகிறவர்களுக்காகக் கடை திறந்து வைத்திருந்தவர்கள் கிரேக்கர்கள். கலாச்சாரத் தூது அப்புறம், முதலில் அது கதவு திறந்திருந்த கடை.

தேன்மொழி_கே:
அந்தக் கதவை இரவு வரை திறந்து வைத்தது யார்? தீவிலிருந்து மாமா கடைக்கு அனுப்பப்பட்ட பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள். வாரம் ஏழு நாளும் வேலை, கடை மாடியிலேயே படுக்கை. அந்தப் பையன் கழுவிய தட்டுகளைச் சேர்க்காமல் ஜூக்பாக்ஸை மட்டும் வரலாறாக்கினால் எரிச்சல் வருகிறது.

பழைய_ரேடியோ:
தட்டு கழுவியவர்கள் அதோடு நிற்கவில்லை என்பதைத்தான் நானும் சொல்கிறேன். நியூ சவுத் வேல்ஸில் பிங்காரா என்ற சின்ன ஊரில் மூன்று கிதெராக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து கஃபேயோடு ராக்ஸி திரையரங்கையே கட்டினார்கள், 1936இல். ஊருக்கு ஹாலிவுட்டைக் கொண்டுவந்தது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

தேன்மொழி_கே:
திறந்த சில மாதங்களில் அந்தக் கூட்டாளிகள் திவாலானதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஊரில் ஏற்கெனவே திரையரங்கு நடத்தியவரோடு போட்டி. இன்று அங்கே கிரேக்கக் கஃபே அருங்காட்சியகம் இருக்கிறது, அழகாகவே புதுப்பித்திருக்கிறார்கள். கட்டியவர்களுக்கு அதனால் ஒரு பென்ஸ் லாபமில்லை.

நெய்தல்_செல்வன்:
திவாலைப் பற்றிப் பேசுவதானால் மற்றக் கடைகளையும் பேசுங்கள். டிவி வந்ததும் இரவுக் கூட்டம் போனது, நெடுஞ்சாலை ஊரைச் சுற்றிப் போனதும் பகல் கூட்டமும் போனது. 1971இல் சிட்னியின் யகூனா பகுதியில் மெக்டொனால்ட்ஸ் வேறு வந்துவிட்டது.

தேன்மொழி_கே:
அதெல்லாம் பாதிதான். பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியதே அவர்கள் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் வந்து நிற்கக் கூடாது என்றுதான். வாங்க ஆள் கிடைத்தபோது பல அப்பாக்கள் சந்தோஷமாகவே விற்றார்கள்.