கச்சான் காலத்தில் கிறீச்சிடும் படிக்கட்டு

கேள்வி: மட்டக்களப்புப் புளியந்தீவிலுள்ள எங்கள் பழைய வீட்டின் மரப்படிக்கட்டு, மாரியில் ஓரளவு அமைதியாக இருந்துவிட்டு, வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் தொடங்கியதும் ஒவ்வோர் அடிக்கும் கிறீச்சிடுகிறது. அறைக்கதவும் அவ்வாறே. தேங்காய் எண்ணெய் விட்டும் பயன் நிலைக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: மரம் ஈரத்தில் விரிந்து வறட்சியில் சுருங்கும், சுருங்கும்போது ஆணியைச் சுற்றி இடைவெளி உண்டாகி, மிதிக்கையில் பலகை ஆணியோடு உரசுவதாலேயே பெரும்பாலும் அந்த ஓசை எழுகிறது. ஒருவர் மெதுவாக ஏற, மற்றவர் கீழேயிருந்து எந்தப் பலகை அசைகிறது என்று பாருங்கள். அங்கே, வன்மரம் வெடிக்காதபடி முதலில் சிறு துளையிட்டு, ஆணிக்குப் பதிலாகத் திருகாணியை இறுக்குங்கள். மரையிருப்பதால் அது எளிதில் கழன்று வராது.

பதில் 2: கீழ்ப்பக்கம் கைக்கு எட்டுமாயின், மெல்லிய ஆப்பில் பசை தடவி இடைவெளியில் செருகலாம். ஆனால் ஓங்கி அடிக்காதீர்கள். பலகை மேலெழுந்து புதிய ஓசை பிறக்கும். கல்லடியில் எங்கள் வீட்டில் நானே செய்த பிழை அது.

பதில் 3: கதவுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஐயா, அது நாளடைவில் தூசியைப் பிடித்துப் பிசுபிசுத்துவிடும். பிணைச்சலின் ஊசியைக் கழற்றித் துருவைச் சுரண்டி, கிறீஸ் பூசுங்கள். கடற்காற்றுள்ள ஊரில் துரு விரைவில் திரும்பும்.

கேட்டவர்: நன்றி. நான்காம் படியே அசைகிறது, ஓடாவியாரை (தச்சரை) அழைத்திருக்கிறேன்.